சமீபத்தில் பார்த்த படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி சினிமாதான். அதனால் ராசிபலன் சந்தேகம், வீட்டுக் கடன் சந்தேகம் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

திருவாரூர் வாசகி: 'மெய்யழகன்' பார்த்துவிட்டு நான் அழுதேன். என் கணவரோ, "ரெண்டு ஆம்பளைங்க ராத்திரி முழுக்கப் பேசிட்டே இருக்காங்க, இதுல என்ன இருக்கு?" என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை, படத்தில் நடப்பது அவ்வளவுதான். 1996இல் சொந்தக்காரர்களோடு வந்த சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். 22 வருஷம் கழித்து, தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக அரவிந்த்சாமி நீடாமங்கலம் வருகிறார். தலையைக் காட்டிவிட்டு ராத்திரி பஸ் பிடித்துத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். அங்கே "அத்தான், அத்தான்" என்று கார்த்தி ஒட்டிக்கொள்கிறார். வந்தவருக்கு அவர் யார் என்று தெரியவில்லை, பெயரும் ஞாபகம் இல்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

நம்மில் யாருக்குத்தான் இது நடக்கவில்லை? கல்யாண வீட்டில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா?" என்று கேட்பார், நாமும் "தெரியாம என்ன" என்று சிரித்துக்கொண்டே யார் பிள்ளை, எந்தத் தெரு என்று மண்டைக்குள் துழாவிக்கொண்டிருப்போம். அந்த ஒரு சங்கடத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் பிரேம்குமார் முழுப் படத்தையும் நடத்தியிருக்கிறார். நேரம் போகப் போக எதிரில் இருப்பவரின் பாசம் கூடிக்கொண்டே போகிறது, அது கூடக் கூட இவருக்குப் பெயர் தெரியாத குற்ற உணர்ச்சியும் கூடுகிறது. கடைசியில் விடியற்காலையில் சொல்லாமல் கிளம்பிப் போகிறாரே, அவமானத்தில் ஒருவர் ஓடுவதை அவ்வளவு மரியாதையோடு காட்டிய காட்சி சமீபத்தில் வேறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

சைக்கிள் விஷயத்தை உங்கள் கணவரிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். வீட்டைக் காலி செய்யும்போது இவர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது, விட்டுவிட்டுப் போனவருக்கு அது தெரியவே தெரியாது. 22 வருஷமாக இழந்ததை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, தன் கையிலிருந்து போன ஒரு பொருள் அதே மண்ணில் நன்றாக இருக்கிறது என்று தெரிய வரும் இடம் அது. ராத்திரி முழுக்கப் பேசினால்தான் அங்கே வந்து சேர முடியும், முதல் அரைமணி நேரத்தில் சொல்லியிருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

படம் வெளிவந்த சில நாட்களிலேயே நீளம் என்ற பேச்சு வந்து சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். அதில் எனக்கு வருத்தம்தான். தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் மொட்டை மாடியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து பேசுகிற பேச்சு எங்கெங்கோதான் போகும், சரித்திரத்துக்குப் போகும், அரசியலுக்குப் போகும், மறுபடி மாட்டுக்கு வரும். அதைக் கத்தரித்தால் படம் சுருங்கலாம், ஆனால் அந்த ராத்திரியும் கூடவே சுருங்கிப் போகிறது.

மதுரை வாசகர்: முன்பெல்லாம் வில்லன் வந்தால் தியேட்டரே பல்லைக் கடிக்கும். இப்போது பாதிப் படங்களில் வில்லனே இல்லை. எதிரி இல்லாமல் கதை எப்படி நகரும்?

நானும் கொஞ்ச நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் நீங்கள் குறையாகச் சொல்வது எனக்குச் சந்தோஷமாகத் தெரிகிறது. 2024, 2025இல் எனக்குப் பிடித்த தமிழ்ப் படங்களை வரிசையாக வைத்தால், அடித்து வீழ்த்த வேண்டிய ஓர் ஆள் என்று யாருமே அவற்றில் இல்லை. ஆனாலும் சண்டை இருக்கிறது, வலி இருக்கிறது, சீட் நுனியில் உட்கார வைக்கிற பதற்றமும் இருக்கிறது.

'லப்பர் பந்து' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் போய் ரப்பர் பந்து டோர்னமென்ட் ஆடுகிற நடுத்தர வயசு பேட்ஸ்மேன் கெத்து, அட்டகத்தி தினேஷ். இளைஞன் அன்பு, ஹரிஷ் கல்யாண். கெத்துவின் ஆட்டத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது என்று அன்பு சொன்ன ஒரு வார்த்தை காது காதாகப் போய்ச் சேர்கிறது. அவ்வளவுதான், பகை வந்துவிட்டது. யாரும் யாருடைய சொத்தையும் பிடுங்கவில்லை. அப்புறம் அன்பு விரும்பும் பெண் கெத்துவின் மகள் என்று தெரிய வரும்போது நமக்கு இரண்டு பேர் பக்கமும் நிற்க வேண்டியதாகிறது, அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. வில்லன் இருந்தால் நாம் எந்தப் பக்கம் என்று முதல் ரீலிலேயே முடிவாகிவிடும். இங்கே ஒவ்வொரு காட்சிக்கும் மாறி மாறி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதுவே நகர்வு.

இந்தப் படத்தில் கெத்துவின் மனைவியாக சுவாசிகா நடித்த யசோதையைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கணவன் வேலைக்குப் போகாமல் ஆடப் போய்விட்டான் என்று தெரிந்ததும் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து மைதானத்தையே உழுகிறாள். வேறு படமாக இருந்தால் புருஷனைப் படுத்துகிற பொண்டாட்டி என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து அவளுடைய கோபத்துக்கான கணக்கை நமக்கு ஒழுங்காகக் காட்டுகிறார். வீட்டையும் வயலையும் பார்த்துக்கொள்வது யார், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்கான விலையைத் தினம் தினம் கொடுப்பது யார் என்று தெரியும்போது அந்த டிராக்டர் நியாயமாகிறது.

சாதியும் அப்படித்தான் வருகிறது. அன்புவுக்கு நன்றாக ஆடத் தெரியும், ஆனால் சொந்த ஊர் டீமில் இடம் கிடையாது, அதனால் எந்த டீம் கூப்பிட்டாலும் கெஸ்ட் பிளேயராகப் போகிறான். இடம் கொடுக்காதவர்கள் மீசை முறுக்கிய கொடூரர்கள் இல்லை. டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து நாகரிகமாகப் பேசக்கூடிய ஆட்கள்தான். அதனால்தான் அது இன்னும் கனமாக இறங்குகிறது.

கெத்து களத்தில் இறங்கும்போது ஒலிக்கிற "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" பாட்டை நான் பார்த்த தியேட்டரில் எல்லோரும் கூடவே பாடினார்கள். விஜயகாந்த் நடித்து 1989இல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு, இளையராஜா இசை. விஜயகாந்த் 2023 டிசம்பரில் போனவர், படம் அடுத்த செப்டம்பரில் வந்தது. நடுவில் ஒரு வருஷம்கூட முடியாத நிலையில் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த கைதட்டல் வெறும் பழைய பாட்டுக்கானது இல்லை.

யாழ்ப்பாணம் வாசகர்: 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்தேன். எங்கள் பேச்சையும் பாட்டையும் சிரிப்புக்காக மட்டும் பயன்படுத்தாமல் ஒரு முழுக் குடும்பமாகக் காட்டியது பிடித்தது. ஆனால் அந்தக் காலனியில் எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக இருப்பது நம்பும்படியாக இருக்கிறதா?

நீங்கள் கேட்பது நியாயம். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு குடும்பம் சென்னையில் ஒளிந்து வாழ்கிற கதை. நிஜத்தில் இப்படி வந்தவர்களுக்கு முகாம், விசாரணை, காத்திருப்பு என்று எவ்வளவோ இருக்கிறது, படம் அதையெல்லாம் தாண்டி ஒரு தெருவுக்குள் போய்விடுகிறது. அதை ஒரு குறையாக நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தத் தெருவுக்குள் நடப்பதை நான் நம்பினேன். ஏனென்றால் அங்கே நல்லதனம் தானாக வரவில்லை, யாராவது முதலில் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவர்கள் மத்தியில், அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் இருக்கிற சசிகுமார்தான் போய்ப் பேசுகிறார். காலனியில் இருக்கிற ஒரு முதியவரின் மனைவி இறந்துபோகும் காட்சியில், என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு நடுவில் இவர்தான் ஆட்களைத் திரட்டுகிறார். துக்க வீட்டில் முதலில் போய் நிற்க வேண்டும் என்பது நம் இரண்டு கரையிலும் ஒன்றாகவே இருக்கிற வழக்கம். சென்னைக்காரர்கள் மறந்ததை வெளியூர்க்காரர் வந்து செய்கிறார்.

உங்கள் பேச்சைப் பற்றி நீங்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊர்ப் பேச்சு வெளியே தெரிந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் படம் முழுக்க இருக்கிறது. வாயைத் திறந்தாலே ஆபத்து என்ற நிலையில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப் பழகுகிறார் என்றால், அந்தப் பேச்சுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! இருபதுகளில் இருக்கிற அபிஷன் ஜீவிந்த் தன் முதல் படத்திலேயே இதைப் பிடித்திருக்கிறார். பின்பாதியில் ஒவ்வொருவரும் மாறி மாறி நெகிழ்கிற இடங்கள் கொஞ்சம் அதிகம், அதில் இரண்டு மூன்றைக் குறைத்திருக்கலாம்.

சென்னை வாசகர்: மாசச் சம்பளக்காரன் நான். '3பிஎச்கே' பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. இந்த மாதிரிப் படத்தைக் காசு கொடுத்து ஏன் பார்க்க வேண்டும்?

உங்கள் வீட்டுக் கதை திரையில் வந்தால் தூக்கம் போகத்தான் செய்யும். வாடகை வீட்டில் இருக்கிற நாலு பேர், சொந்த வீடு என்ற ஒரே ஆசை, கையில் கொஞ்சம் சேரும்போதெல்லாம் படிப்போ ஆஸ்பத்திரியோ கல்யாணமோ வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறது, அதற்குள் வீட்டு விலையும் ஏறிவிடுகிறது. இயக்குநர் ஸ்ரீ கணேஷ் துன்பத்தை அடுக்குகிறார் என்று எனக்கும் இரண்டு இடங்களில் தோன்றியது. ஆனால் சரத்குமார் முகத்தில் ஓர் அப்பா மெதுவாகத் தோற்பதைப் பார்த்தபோது அந்தக் குறையை மறந்தேன். 'சூர்யவம்சம்' வந்த 1997இல் ஒரே பாட்டில் பஸ் கம்பெனி முதலாளியாக உயர்ந்த அதே சரத்குமார், தேவயானி ஜோடிதான் இதுவும். இந்த முறை ஒரு வீடு வாங்க ஒரு முழு வாழ்க்கை ஆகிறது. அந்த ஜோடியை யோசித்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மகன் பிரபு. படிப்பு ஏறாத பையன், தப்பான வேலையில் மாட்டிக்கொள்கிறான், ஆனாலும் சோம்பேறி இல்லை. முயற்சி செய்தால் கிடைத்துவிடும் என்று படம் பொய் சொல்லவில்லை, முயற்சி செய்தும் கிடைக்காத வருஷங்களை உட்கார்ந்து பார்க்க வைக்கிறது. பிரபுவாக வரும் சித்தார்த் அந்த வயசுகளையெல்லாம் தோளில் காட்டுகிறார், கல்லூரிப் பையனின் தோள் வேறு, கடன்காரனின் தோள் வேறு.

தூக்கம்தான் ஏற்கனவே போய்விட்டதே, 1988இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தையும் பார்த்துவிடுங்கள். அர்ச்சனா, சொக்கலிங்க பாகவதர். சென்னையில் ஒரு பெண் ஒரு சின்ன வீடு கட்ட முயல்கிறாள், அவ்வளவுதான் கதை. அங்கேயும் வில்லன் கிடையாது. லஞ்சம், திருட்டு சிமெண்டு, அரசாங்க அனுமதி, கையிருப்பு கரைவது என்று ஒவ்வொன்றாக வருகிறது. பாதி கட்டிய வீட்டைத் தாத்தா தன் கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் காட்சிக்காகவே அந்தப் படத்தை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். சுவர் பூசவில்லை, அவர் கண்ணுக்கு மட்டும் முழு வீடாகத் தெரிகிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணியாகப் போட்டிருப்பார்கள், அதுவும் எங்கே போட வேண்டுமோ அங்கே மட்டும்.

கோவை வாசகி: பத்து வயசுப் பையனோடு 'கூலி'க்குப் போனோம், தியேட்டரில் உள்ளே விடவில்லை. அப்பா அம்மா கூட இருந்தால் விட மாட்டார்களா?

விட மாட்டார்கள், அது சரிதான். 'ஏ' சான்றிதழ் என்றால் 18 வயசுக்குக் கீழே யாருக்கும் அனுமதி கிடையாது, கூட யார் வந்தாலும். 'யூஏ' படங்களுக்குத்தான் பெற்றோர் முடிவு. இப்போது அதையும் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும்போது படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும், பார்த்துவிட்டுப் போடுங்கள். பையன் ஏமாந்துபோயிருப்பான், 'லப்பர் பந்து' போட்டுக் காட்டுங்கள்.

கரூர் வாசகர்: 'கொட்டுக்காளி' எனக்குப் பிடிக்கவில்லை. பின்னணி இசை இல்லை, கதாநாயகி பேசுவதே இல்லை, கடைசியில் முடிவும் இல்லை. சூரிக்காகப் போனேன்.

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. சூரி என்றால் சிரிக்கலாம் என்றோ, 'விடுதலை'க்கு அப்புறம் சண்டையாவது இருக்கும் என்றோ போனவர்களுக்கு இயக்குநர் வினோத்ராஜ் வேறு ஒன்றைத்தான் வைத்திருந்தார். ஆனாலும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்வேன், இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள்.

வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் 'பேய் பிடித்திருக்கிறது' என்று சொல்லி ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் சொந்தக்காரர்கள் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். ஆட்டோவில் அவளோடு காலைக் கட்டிப் போட்ட ஒரு சேவலும் வருகிறது. பின்னணி இசை இல்லாததால் ஆட்டோ சத்தம், காற்று, சேவல், பெண்களின் பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கட்டைக் குரலில் கத்துகிறார். கத்துகிறவனுக்குக் குரல் இல்லை, பேசாமல் இருக்கிற பெண்ணைப் பார்த்து அத்தனை பேரும் பயப்படுகிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென்னின் கண்ணை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், அவள் பேசாமலே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

வழியில் ஒரு காளை மறித்து நிற்கும். அத்தனை ஆம்பளைகளும் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். எந்த வசனமும் இல்லாமல் படம் தன் கருத்தைச் சொல்லிவிட்ட இடம் அது. முடிவைப் பொறுத்தவரை, சூரி நடித்த பாண்டி என்ன செய்யப்போகிறான் என்பதை இயக்குநர் சொல்லியிருந்தால் நீங்கள் "நல்லவன்" என்றோ "கெட்டவன்" என்றோ தீர்ப்பு எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அந்த நிம்மதியைக் கொடுக்க அவர் மறுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

நாகர்கோவில் வாசகர்: 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படம், தமிழ்நாட்டில் டப்பிங்கே இல்லாமல் அப்படி ஓடியதற்கு 'கண்மணி அன்போடு' பாட்டு மட்டும்தானே காரணம்?

பாட்டு பெரிய காரணம், மறுக்கவில்லை. 'குணா' 1991இல் வந்தபோது காதல் பாட்டாகக் கேட்டதை, குழியிலிருந்து நண்பனை மேலே இழுக்கும் நேரத்தில் போட்டபோது வரிகளே வேறு மாதிரி ஒலித்தன. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் அந்தப் பையன்களோடு நம்மைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போயிருந்தால்தான் பாட்டு வேலை செய்யும். ஆரம்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் வடம் இழுக்கிற போட்டி வருமே, அதைச் சும்மா ஜாலிக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், கடைசியில் அதே கைகள்தான் கயிற்றைப் பிடிக்கின்றன. இங்கேயும் பாருங்கள், எதிரி ஒரு குழியும் மழையும்தான்.

தூத்துக்குடி வாசகி: 'வாழை' எங்கள் பக்கத்துக் கதை. வில்லன் இல்லாத படங்கள் பற்றி நீங்கள் போன இதழிலும் புகழ்ந்திருந்தீர்கள். உழைக்கிறவன் சாகிற கதையில் யாரையும் குற்றவாளியாகக் காட்டாமல் விட்டால் அது நழுவல் ஆகாதா?

இந்த இதழில் எனக்கு வந்த கேள்விகளிலேயே கனமானது இதுதான். யார் மீதும் பழி இல்லை என்று ஒரு படம் சொன்னால் அது நழுவல்தான். மாரி செல்வராஜ் அப்படிச் சொல்லவில்லை. வாழைத்தார் சுமக்கிறவர்கள் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார்கள், கொடுக்கிறவர் அந்தக் காசை வேறு வழியில் மிச்சம் பிடிக்க நினைக்கிறார், ஆட்களைத் தார் ஏற்றிய லாரியிலேயே மேலே உட்கார வைத்து அனுப்புகிறார்கள், அந்த லாரி கவிழ்ந்துதான் அவர்கள் சாகிறார்கள். காரணம் அங்கே பட்டவர்த்தனமாக இருக்கிறது. அவரை ஒரு சண்டைக் காட்சியில் ஹீரோ அடித்துப் போட்டிருந்தால் நமக்குக் கணக்கு தீர்ந்துவிடும், வெளியே வந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அடிக்கவில்லை, அதனால் கணக்கு தீரவில்லை.

பசியோடு ஒரு வாழைப்பழத்தைப் பறித்ததற்காகச் சிறுவன் சிவனைந்தன் அடி வாங்குகிறானே, அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பழங்களைத் தோளில் சுமந்த பிள்ளைக்கு ஒரு பழம் சொந்தம் இல்லை. தோட்டக்காரரை அரக்கனாகக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. பள்ளிக்கூடம், பூங்கொடி டீச்சர், ரஜினி கமல் சண்டை என்று முன்பாதியில் நம்மைச் சிரிக்க வைத்ததும் இதற்காகத்தான், அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட ஒரு நாள் இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அந்த விபத்தை நேரில் அறிந்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், இங்கே பிரசுரிக்கிறேன்.

திருச்சி வாசகர்: நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறது. மேலே சொன்னதில் எதைத் தியேட்டரில் தவறவிட்டதற்கு வருத்தப்பட வேண்டும்?

'கொட்டுக்காளி', 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' இரண்டும். முதலாவது சத்தத்துக்காக, இரண்டாவது அந்தக் குழியின் இருட்டுக்காக. வீட்டில் பார்த்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். 'மெய்யழகன்' வீட்டிலேயே நன்றாக இருக்கும், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், ஊரில் இருக்கிற யாருக்காவது மறுநாள் போன் செய்யத் தோன்றினால் செய்துவிடுங்கள்.